நார்மன் வீடு திரும்பினான்

23 வருடம் கழித்து வந்த 'சைக்கோ' இரண்டாம் பாகமும், அது கிளப்பிய கேள்வியும்

குன்றின்மேல் ஒரு பழைய வீடு. இரவு. சமையலறையில் மட்டும் விளக்கு எரிகிறது. ஐம்பதைத் தொட்ட ஒல்லியான மனிதன் ஒருவன், வேலை பார்க்கும் இடத்தில் பழக்கமான இளம்பெண்ணுக்கு சாண்ட்விச் செய்து தருகிறான். தங்க இடமில்லை என்று வந்திருப்பவள் அவள். சாண்ட்விச்சை நறுக்க வேண்டும். டிராயரை இழுக்கிறான். உள்ளே கத்திகள். அதுவரை பேசிக்கொண்டே இருந்தவனுக்கு நாக்கு குழறுகிறது. கை நீள்கிறது, பாதியில் நின்றுவிடுகிறது.

ஒரு சாண்ட்விச்சை இரண்டாக வெட்டுவதற்கா இந்த நடுக்கம்? ஆமாம். 22 வருடத்துக்கு முன்னால் இதே வீட்டில் கத்தியை எடுத்தவன் அவன். பெயர் நார்மன் பேட்ஸ். மனநல மருத்துவமனையிலிருந்து இப்போதுதான் விடுதலையாகி வந்திருக்கிறான்.

அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பதறிக்கொண்டு பார்க்கிறோம். சில நிமிடங்களில் இன்னொரு பதற்றமும் சேர்ந்துகொள்கிறது: இந்த மனுஷன் மறுபடியும் விழுந்துவிடக் கூடாதே! கத்திக்குத்துப் படம் பார்க்கப்போய், குத்தியவனுக்காக மனசுக்குள் வேண்டிக்கொள்கிற நிலைமை. 1983 ஜூன் 3-ம் தேதி அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியான 'சைக்கோ 2' தன் ரசிகர்களை அப்படி ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. முதல் படம் வந்தது 1960-ல். நடுவே 23 வருடம்.

பழைய படங்களைத் தூசிதட்டி இரண்டாம் பாகம் எடுப்பது இன்று உலகம் முழுக்கப் பெரிய வியாபாரம். பயமுறுத்தும் படங்களில் இன்னும் அதிகம். 'ஹாலோவீன்' 40 வருடம் கழித்து 2018-ல் திரும்பி வந்தது. 'கேண்டிமேன்' 29 வருடம் கழித்து 2021-ல் வந்தது. 'டெக்சாஸ் செயின்ஸா மாஸக்கர்' 2022-ல் நெட்ஃபிளிக்ஸில் மறுபடியும் ரம்பத்தைத் தூக்கியது. இவற்றுக்கெல்லாம் முன்னால் போன வண்டி 'சைக்கோ 2'. பின்னால் வந்தவற்றில் பல அந்தத் தடத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை என்பது என் எண்ணம். காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது.

(இனி வரும் பகுதியில் படத்தின் முடிவையும் சொல்லியாக வேண்டும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.)

குளியலறையில் செத்துப்போன கதாநாயகி

முதல் படத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அலுவலகப் பணம் 40,000 டாலரோடு ஊரைவிட்டுக் கிளம்பும் மேரியன் கிரேன், மழைக்கு ஒதுங்கி பேட்ஸ் மோட்டலில் அறை எடுக்கிறாள். மோட்டலை நடத்தும் நார்மன் கூச்ச சுபாவி, மரியாதையானவன். மேலே வீட்டில் அவனுடைய அம்மா. அதட்டும் குரல் மட்டும் கேட்கிறது. மேரியன் குளித்துக்கொண்டிருக்கும்போது பாவாடை கட்டிய ஓர் உருவம் திரையை விலக்கிக் கத்தியை ஓங்குகிறது. படம் பாதியைக்கூடத் தொடவில்லை, கதாநாயகி போய்விட்டாள். அவளைத் தேடி வரும் சகோதரி லைலாவும் காதலன் சாம் லூமிஸும் கடைசியில் கண்டுபிடிக்கிறார்கள்: அம்மா செத்துப் பல வருடம் ஆகிறது. உடலைப் பதப்படுத்தி வைத்துக்கொண்டு, அம்மாவாகவும் மகனாகவும் நார்மன் ஒருவனே வாழ்ந்துகொண்டிருக்கிறான்.

ராபர்ட் பிளாக் 1959-ல் எழுதிய நாவல் இது. விஸ்கான்சின் மாநிலத்தில் பிளெயின்ஃபீல்டு என்ற சிற்றூரில் 1957 நவம்பரில் எட் கீன் என்பவர் கைதானார். கொலைகள், கல்லறையிலிருந்து தோண்டி எடுத்த உடல்கள், செத்துப்போன அம்மாமேல் தீராத பிடிப்பு. அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் பிளாக் அப்போது குடியிருந்தார். தன் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்றே தெரியாமல் ஓர் ஊர் வாழ முடியும் என்பதுதான் அவரை நாவலுக்குள் இழுத்தது. எட் கீனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இந்தக் கதையைக் கையில் எடுத்தபோது பாரமவுன்ட் நிறுவனம் முகம் சுளித்தது. அவர் தன் வழக்கமான சம்பளத்தை விட்டுக்கொடுத்து, படத்தில் 60 சதவீதப் பங்கு வாங்கிக்கொண்டார். தொலைக்காட்சித் தொடருக்காக வைத்திருந்த குழுவைக் கொண்டு, கறுப்பு வெள்ளையில், சுமார் 8 லட்சம் டாலரில் முடித்தார். படம் ஓடிய ஓட்டத்தில் கொட்டிய பணம் கொஞ்சநஞ்சமல்ல. பிறகு அந்த உரிமையை யுனிவர்சலின் தாய் நிறுவனமான எம்.சி.ஏ-வுக்குக் கொடுத்துப் பங்குகள் வாங்கிக்கொண்டார். நார்மன் பேட்ஸ் யுனிவர்சலின் சொத்தானது இப்படித்தான்.

பெட்டிச் செய்தி: முக்கால் நிமிடம், ஏழு நாள்

குளியலறைக் கொலைக் காட்சி 1959 டிசம்பரில் ஏழு நாள் படமாக்கப்பட்டது. திரையில் ஓடுவது சுமார் 45 விநாடி. ரத்தத்துக்கு சாக்லேட் சிரப். கத்தி இறங்கும் சத்தத்துக்கு முலாம்பழம். பின்னணி இசைக்கு பெர்னார்ட் ஹெர்மன் பயன்படுத்தியது தந்திக் கருவிகளை மட்டும். அந்த நாள்களில், நார்மனாக நடித்த அந்தோணி பெர்கின்ஸ் நியூயார்க்கில் ஒரு மேடை நாடக ஒத்திகையில் இருந்தார். திரையில் கத்தியை ஓங்குவது அவர் அல்ல. படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று திரையரங்குகளுக்கு ஹிட்ச்காக் கட்டளை போட்டார். நான்கு பிரிவுகளில் ஆஸ்கர் பரிந்துரை, ஒன்றும் கிடைக்கவில்லை. பெர்கின்ஸுக்குப் பரிந்துரையே இல்லை.

ஏன் இவ்வளவு தாமதம்?

ஹிட்ச்காக் இருந்தவரை அந்தப் படத்தின்மேல் யாரும் கைவைக்கவில்லை. அவர் 1980 ஏப்ரல் 29 அன்று காலமானார். அதற்குள் ஊர் மாறியிருந்தது. 1978-ல் ஜான் கார்ப்பென்டர் மூன்று லட்சத்துச் சொச்சம் டாலரில் எடுத்த 'ஹாலோவீன்' கோடிக்கணக்கில் அள்ளியது. 1980-ல் 'ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்' வந்தது. முகமூடி, கத்தி, இளசுகள், இருட்டு. ஒவ்வொருவராக வெட்டிச் சாய்க்கும் இந்த வகைக்கு 'ஸ்லாஷர்' என்ற பெயர் நிலைத்தது. தாய்வேர் எது என்று தேடினால் எல்லோரும் போய் நிற்கும் இடம் பேட்ஸ் மோட்டல்.

பிளாக் 1982-ல் 'சைக்கோ 2' என்று ஒரு நாவல் வெளியிட்டார். அதில் நார்மன் மருத்துவமனையிலிருந்து தப்புகிறான். ஹாலிவுட்டில் அவனைப் பற்றியே ஒரு படம் தயாராகிக்கொண்டிருக்கிறது. ரத்தக்களரிப் படங்களின்மேல் கோபத்தோடு எழுதப்பட்ட கதை அது. யுனிவர்சலுக்குப் பிடிக்கவில்லை. தனியாக வேறு கதை எழுதச் சொன்னார்கள். முதலில் கேபிள் தொலைக்காட்சிக்கான சின்னப் படமாகத்தான் நினைத்திருந்தார்கள். எழுதியவர் டாம் ஹாலந்து. பின்னாளில் 'ஃப்ரைட் நைட்', 'சைல்ட்ஸ் பிளே' படங்களை இயக்கியவர்.

இயக்கியவர் ரிச்சர்ட் ஃபிராங்க்ளின், மெல்பர்ன்காரர். ஹிட்ச்காக்கின் பெரும் பக்தர். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தபோது அவரை மாணவர்களிடம் பேச அழைத்துவந்தவர். அவருடைய 'டோபஸ்' படப்பிடிப்பை நேரில் போய்ப் பார்த்தவர். தயாரிப்பாளர் ஹில்டன் கிரீன், முதல் படத்தில் உதவி இயக்குநராக இருந்தவர். குன்றுமேல் வீடு யுனிவர்சல் வளாகத்தில் அப்படியே நின்றது, சுற்றுலாப் பயணிகள் வண்டியில் போய்ப் பார்க்கும் இடமாக. மோட்டல் மட்டும் இல்லை. மறுபடியும் கட்டினார்கள்.

படம் பழைய குளியலறைக் காட்சியோடு கறுப்பு வெள்ளையில்தான் தொடங்குகிறது. அது முடிந்ததும் அதே வீடு, இரவில். பொழுது விடியும்போது மெதுவாக நிறம் ஏறுகிறது. வசனமே இல்லை. 22 வருடம் போய்விட்டது என்பதைச் சொல்ல இதைவிட அழகான வழி எனக்குத் தெரியாது. ஒளிப்பதிவு டீன் கன்டி. 'ஹாலோவீன்' முதல் படத்துக்கும் அவர்தான். ஹெர்மன் 1975-லேயே இறந்துவிட்டார். அவருடைய அலறும் தந்திகளை நகலெடுக்காமல், ஜெர்ரி கோல்ட்ஸ்மித் ஒரு சின்னப் பையனின் ஏக்கத்தைப்போல மென்மையான பியானோ இசை போட்டார். அம்மாவின் அறைக்குள் முதன்முறை நுழையும் காட்சியில், விளக்குப் போடும் முன், சுவரில் ஒரு தொந்தி நிழல் தெரியும். ஹிட்ச்காக்கின் உருவம். குருவுக்குச் சீடன் வைத்த காணிக்கை.

ஐந்து வயதில் அப்பாவை இழந்தவர்

அந்தோணி பெர்கின்ஸ் முதலில் மறுத்தார். மறுத்ததற்கு அவரிடம் நியாயம் இருந்தது.

'ஃப்ரெண்ட்லி பெர்சுவேஷன்' படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை வாங்கியபோது அவர் இருபதுகளின் நடுவில் இருந்த அழகான பையன். 27 வயதில் நார்மனாக நடித்தார். பிறகு 'குட்பை அகெய்ன்' படத்துக்காக கான் விழாவில் சிறந்த நடிகர் ஆனார். ஆர்சன் வெல்ஸின் 'தி டிரயல்' படத்தில் கதாநாயகனாக நின்றார். எது செய்தாலும் தெருவில் பார்க்கிறவர்களுக்கு அவர் நார்மன்தான். ஒரு வேஷம் மனிதனை எவ்வளவு தூரம் துரத்தும் என்பதற்கு அவரைவிட உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஹாலந்தின் கதையைப் படித்த பிறகு மனம் மாறினார். ஏன் மாறினார் என்பது படத்தைப் பார்த்தாலே புரிகிறது. இந்தக் கதையில் நார்மன் பூதம் கிடையாது. ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் எடுபிடியாக வேலைக்குப் போகிறான். சக ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் பேசுவதைக் காதில் வாங்காமல் தட்டு எடுக்கிறான். தன் மோட்டலை இன்னொருவன் கண்டவர்களுக்கும் வாடகைக்கு விட்டு அசிங்கமாக்கி வைத்திருப்பதைப் பார்த்துத் துடிக்கிறான். காய்ச்சலில் படுத்திருக்கும்போது அம்மா செய்து தரும் சீஸ் சாண்ட்விச்சைப் பற்றிச் சொல்லும்போது அந்தக் கண்களில் ஒரு குழந்தை வந்து போகிறது. தன் அம்மாவைக் கொன்றதும் இதே ஆள்தான். இரண்டும் ஒரே முகத்தில், ஒரே நொடியில் தெரிகின்றன. இப்படி நடிக்க ஐம்பது வயது வேண்டும். 27 வயதில் அவரால் இது முடிந்திருக்காது.

முதல் படத்தில் நார்மன், தன் அப்பா இறந்தபோது தனக்கு ஐந்து வயது என்று சொல்வான். பெர்கின்ஸின் அப்பா ஆஸ்குட் பெர்கின்ஸும் நடிகர். அவர் 1937-ல் இறந்தபோது மகனுக்கு ஐந்து வயது. அதன்பின் வளர்ந்தது அம்மாவிடம். 'சைக்கோ 2'-ல் ஒரு நினைவுக் காட்சியில் சிறுவயது நார்மன் வருகிறான். அந்தப் பையன் பெர்கின்ஸின் சொந்த மகன். பெயர் ஆஸ்குட், தாத்தாவின் பெயர். இன்று அவரும் இயக்குநர். 2024-ல் பெரிதாகப் பேசப்பட்ட 'லாங்லெக்ஸ்' அவர் எடுத்தது. குழந்தையிடம் ஓர் அம்மா மறைத்த ரகசியம் பற்றிய பயங்கரக் கதை அது.

743 கையெழுத்து

படத்தின் உயிர் லைலாவிடம் இருக்கிறது. முதல் படத்தில் நடித்த வேரா மைல்ஸே மறுபடியும் வருகிறார். இப்போது அவள் லைலா லூமிஸ். தன் சகோதரியின் காதலனை மணந்தவள், விதவை. நார்மனை விடுதலை செய்யும் நீதிமன்றத்தில் எழுந்து நின்று கத்துகிறாள். கையில் 743 பேர் கையெழுத்திட்ட மனு. செத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது என்பது அவளுடைய கேள்வி. நீதிபதி கேட்கவில்லை. சட்டப்படி நார்மன் குணமாகிவிட்டான்.

பிறகு அந்த வீட்டில் வினோதங்கள் தொடங்குகின்றன. அம்மாவின் கையெழுத்தில் சீட்டுகள். தொலைபேசியில் அம்மா. மாடி ஜன்னலில் ஓர் உருவம். பக்கத்தில் கொலைகளும் நடக்கின்றன. நார்மன் தன்னையே சந்தேகிக்கத் தொடங்குகிறான். நாமும் சந்தேகிக்கிறோம். பாதிப் படத்துக்குமேல் போனதும் தெரிகிறது: சீட்டு, போன் எல்லாம் லைலாவின் வேலை. அந்தச் சமையலறையில் சாண்ட்விச் சாப்பிட்ட மேரி அவளுடைய மகள். அம்மாவும் மகளும் சேர்ந்து, அவனை மறுபடியும் பைத்தியமாக்கி மருத்துவமனைக்கே திருப்பி அனுப்பத் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

பழிவாங்கும் சகோதரியைப் படம் வில்லியாக்கவில்லை. அவள் இழந்தது உண்மை. அவள் பயமும் உண்மை. ஆனால் ஒரு நோயாளியின் ஆறிய புண்ணைத் தினமும் நகத்தால் கீறிக் கீறித் திறக்கிறாள். மேரிக்கு முதலில் மனசு உறுத்துகிறது, பிறகு அவன்மேல் இரக்கம் வருகிறது, 'இனி மாட்டேன்' என்று அம்மாவிடம் சொல்லிவிடுகிறாள். மெக் டில்லி அந்தப் பெண்ணாக நடித்திருக்கும் விதம் சத்தமில்லாதது. படத்தின் மனசாட்சி அவள்தான்.

இதை ஸ்லாஷர் ரசிகர்களே பல நேரம் கவனிக்காமல் விடுகிறார்கள்: கடைசிக் காட்சிவரை விழும் பிணங்களில் ஒன்றுகூட நார்மன் கைவேலை அல்ல. அந்த மர்மக் கொலைகளைச் செய்தது சாப்பாட்டுக் கடையில் கூடவே வேலை பார்த்த எம்மா ஸ்பூல் என்ற வயதான அம்மாள். போலீஸ் மேரியைக் குற்றவாளி என்று நினைத்துச் சுட்டு, வழக்கை முடித்துவிடுகிறது. கடைசியில் ஸ்பூல் அம்மாள் அவன் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். 'நான்தான் உன்னைப் பெற்றவள்' என்கிறாள். நார்மன் அவளுக்கு சாண்ட்விச்சும் தேநீரும் வைக்கிறான். பின்னால் போய், கரி அள்ளும் மண்வெட்டியால் ஒரே அடி. மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறான். அம்மாவின் குரல் மறுபடியும் அதட்டுகிறது.

அந்த அடியை முதலில் பார்த்தபோது அதிர்ச்சியில் உறைந்தேன். இப்போது பார்க்கும்போது அழுகைதான் வருகிறது. எத்தனையோ பேர் மாறி மாறித் தள்ளிய பிறகு, தான் இருந்த ஒரே இடத்துக்கே அவன் திரும்பிப் போகிறான்.

சுமார் 50 லட்சம் டாலரில் எடுத்த படம் அமெரிக்காவில் மட்டும் 3.4 கோடிக்குமேல் வசூலித்தது. பிறகு 1986-ல் மூன்றாம் பாகத்தை பெர்கின்ஸே இயக்கினார். 1990-ல் நான்காவது, தொலைக்காட்சிக்காக. 1992 செப்டம்பர் 12 அன்று எய்ட்ஸ் நோயால் அவர் இறந்தார்.

பெட்டிச் செய்தி: ஒரு குடும்பத்துக்குள் இரண்டு படங்கள்

'சைக்கோ'வில் குளியலறையில் இறந்த ஜேனட் லீயின் மகள்தான் 'ஹாலோவீன்' கதாநாயகி ஜேமி லீ கர்ட்டிஸ். 'ஹாலோவீன்' படத்தில் வரும் மனநல மருத்துவரின் பெயர் சாம் லூமிஸ். 'சைக்கோ'வில் மேரியனின் காதலன் பெயர். 'சைக்கோ 2' இயக்குநர் ஃபிராங்க்ளின் அதற்கு முன் எடுத்த 'ரோட்கேம்ஸ்' (1981) படத்தில் நடித்தவர் ஜேமி லீ கர்ட்டிஸ். 1998-ல் வந்த 'ஹாலோவீன் எச்20' படத்தில் அம்மாவும் மகளும் சேர்ந்து நடித்தார்கள்.

கத்திக்குத் தப்பியவளின் 40 வருடம்

2018-ல் டேவிட் கார்டன் கிரீன் இயக்கிய 'ஹாலோவீன்', இடையில் வந்த இரண்டாம், மூன்றாம் பாகங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, 1978-க்கு நேர் தொடர்ச்சியாக வந்தது. 'சைக்கோ 2' கொன்றவனுக்கு வயதாக விட்டது என்றால், இது தப்பியவளுக்கு வயதாக விட்டது. 19 வயதில் அந்தப் பெண் லாரியாக நடித்த ஜேமி லீ கர்ட்டிஸ் இதில் பாட்டி. வீட்டைச் சுற்றி வேலி, சுவர் நிறையத் துப்பாக்கி, தரைக்கடியில் பதுங்கு அறை. மகளைச் சின்ன வயதிலிருந்தே ஆயுதப் பயிற்சியில் வளர்த்திருக்கிறாள். அரசு அந்தக் குழந்தையை அவளிடமிருந்து பிரித்துக்கொண்டுபோனது. ஓர் இரவு நடந்த சம்பவம் மூன்று தலைமுறையை எப்படித் தின்கிறது என்பதுதான் கதை. முகமூடிக்காரன் திரும்பி வருவதைவிட, லாரி தன் மகளோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார முடியாமல் திணறுவது எனக்கு அதிகம் வலித்தது.

ஒரு கோடி டாலரில் எடுத்த படம், முதல் வாரக் கடைசியிலேயே அமெரிக்காவில் 7.6 கோடி வசூலித்தது. உலகளவில் 25 கோடியைத் தாண்டியது. அதன்பிறகுதான் எல்லாப் பழைய முகமூடிகளும் அலமாரியிலிருந்து வெளியே வந்தன. வந்தவற்றில் பல, பழைய நடிகரை ஐந்து நிமிடம் கொண்டுவந்து நிறுத்தி, பழைய இசையை ஒலிக்கவிட்டு, ரசிகர்களைக் கைதட்ட வைத்துவிட்டுப் போய்விடுகின்றன. நடுவில் போன வருடங்களுக்குக் கதையில் இடமே இல்லை. 20 வருடமோ 40 வருடமோ காத்திருந்து எடுக்கும் படத்தில், அந்த வருடங்களே கதையாக வேண்டாமா?

'சைக்கோ'வின் நிழல் நம் ஊர் வரைக்கும் விழுந்தது. பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) அந்தப் படத்தின் தாக்கத்தில் பிறந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு வந்த பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்', கமல் சிறையில் மனம் பேதலித்து, மனைவியின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு கிடப்பதோடு முடியும். அந்தக் கதவு திறந்தால் அவன் எங்கே போவான், யார் அவனைச் சேர்த்துக்கொள்வார்கள்? ஃபிராங்க்ளினின் படம் சரியாக அந்த இடத்தில் தொடங்குகிறது.

திரைக்கு வெளியே நடந்த இரண்டாம் பாகம்

'சைக்கோ 2' படப்பிடிப்பு நடந்தது 1982 கோடையில். அந்த ஜூன் 21 அன்று வாஷிங்டனில் ஒரு தீர்ப்பு வந்தது. முந்தைய வருடம் மார்ச் 30 அன்று அதிபர் ரீகனைச் சுட்ட ஜான் ஹின்க்ளி, மனநோயின் காரணமாகக் குற்றவாளி அல்ல என்று நடுவர் குழு சொல்லிவிட்டது. நாடு கொதித்தது. லைலாவின் மனுவைப்போல ஆயிரம் மனுக்கள் பறக்கிற சூழல். ஐடஹோ மாநிலம் அந்த வருடமே இந்த வாதத்தைச் சட்டத்திலிருந்து நீக்கியது. 1984-ல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் கொண்டுவந்து, மனநிலை சரியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைக் குற்றம் சாட்டப்பட்டவர் தலையிலேயே சுமத்தியது.

உண்மையில் கடுங்குற்ற வழக்குகளில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இந்த வாதத்தை எடுக்கவே செய்கிறார்கள். அதிலும் பெரும்பாலானோர் தோற்கிறார்கள். ஜெயித்தவர்கள் மறுநாளே வீட்டுக்குப் போய்விடுவதும் இல்லை. 'சைக்கோ 2' திரையில் ஓடிக்கொண்டிருந்த அதே 1983 ஜூன் மாதம், 29-ம் தேதி, 'ஜோன்ஸ் எதிர் அமெரிக்க அரசு' வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கடையில் ஒரு மேல்சட்டையைத் திருட முயன்றவர் வழக்கு அது. அதிகபட்சத் தண்டனையே ஒரு வருடம்தான். மனநோய் என்று விடுவிக்கப்பட்டு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவரை, அந்த ஒரு வருடம் கழிந்த பிறகும், குணமாகும்வரை எத்தனை காலமும் அடைத்து வைக்கலாம் என்றது நீதிமன்றம். நார்மனுக்குத் திறந்த கதவு, நிஜத்தில் ஒரு சட்டைத் திருடருக்குத் திறக்கவில்லை.

எட் கீனுக்கும் திறக்கவில்லை. 1974-ல் விடுதலை கேட்டு மனு போட்டார், மறுத்துவிட்டார்கள். திரையில் நார்மன் பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றபோது, நார்மனுக்கு மூலமான அந்த மனிதர் விஸ்கான்சின் மனநல மருத்துவமனை ஒன்றில் உயிரோடு இருந்தார். அடுத்த வருடம், 1984 ஜூலையில், 77 வயதில் அங்கேயே இறந்தார்.

பெட்டிச் செய்தி: மூடிய மருத்துவமனைகள், திறக்காத வீடுகள்

1955-ல் அமெரிக்க மாநில மனநல மருத்துவமனைகளில் சுமார் 5.6 லட்சம் பேர் இருந்தார்கள். புது மருந்துகள் வந்தன. கென்னடி 1963-ல் கையெழுத்திட்ட சட்டம் ஊருக்கு ஊர் மனநல மையங்கள் வரும் என்றது. 1980 வாக்கில் மருத்துவமனைகளில் எஞ்சியவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. ஆனால் வாக்களித்த அளவுக்கு மையங்கள் வரவில்லை. 1980-ல் கார்ட்டர் கொண்டுவந்த மனநல உதவிச் சட்டத்தின் பெரும்பகுதியை அடுத்த வருடமே ரீகன் அரசின் பட்ஜெட் நீக்கியது.

இந்தப் பின்னணி தெரிந்தால் படத்தில் சாதாரணமாகக் கடந்துபோகும் ஒரு காட்சி கனக்கத் தொடங்கும். நார்மனுக்குச் சிகிச்சை தந்த டாக்டர் ரேமண்ட் அவனைக் காரில் கூட்டிவந்து அந்த வீட்டில் இறக்கிவிடுகிறார். அவனை அவ்வப்போது வந்து பார்க்க ஆள் போட முடியவில்லையே என்ற வருத்தம் அவருக்கு, செலவைக் குறைத்துவிட்டார்கள். நல்ல மனிதர். தன் தொலைபேசி எண்ணைத் தவிர அவனுக்குக் கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை. அம்மாவைக் கொன்ற அதே வீட்டில், அம்மாவின் அறைக்குக் கீழே, தனியாக அவனை விட்டுவிட்டுப் போகிறார். அந்த இடத்திலேயே பாதிக் கதை தீர்மானமாகிவிட்டது.

ஹின்க்ளி 2016 வரை மருத்துவமனை வாழ்க்கை வாழ்ந்தார். பிறகு அம்மாவோடு வசிக்க அனுமதித்தார்கள். எல்லா நிபந்தனைகளிலிருந்தும் அவர் விடுபட்டது 2022 ஜூனில், தீர்ப்பு வந்து 40 வருடம் கழித்து. அவர் சுட்டதில் தலையில் குண்டு பாய்ந்து, வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் கழித்த பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடி 2014-ல் இறந்தார். அந்த மரணத்தை 1981-ன் குண்டு செய்த கொலை என்றே மருத்துவ அதிகாரி பதிவு செய்தார். அந்தக் குடும்பத்துக்கு 33 வருடம் கழித்தும் அது பழைய கதை ஆகவில்லை.

விடுதலையான ஹின்க்ளி கிட்டார் வாசித்துப் பாடத் தொடங்கியிருந்தார். ப்ரூக்ளினில் ஓர் அரங்கு 2022 ஜூலை மாதம் அவர் பாட இடம் கொடுத்தது. டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்தன. பிறகு மிரட்டல்கள் வந்தன. பாதுகாப்பு இல்லை என்று சொல்லி அரங்கு நிகழ்ச்சியை ரத்து செய்தது.

லைலா நீதிமன்றத்தில் நீட்டிய காகிதத்தில் இருந்தவை 743 பெயர்கள்.